அங்கொடைக்கு வெளியே இருந்த நோயாளர்கள்

அங்கொடை என்பது கொழும்புக்குக் கிழக்கே சில மைல் தொலைவிலுள்ள ஓர் ஊர். இலங்கையில் வாழ்பவர்களுக்கு அது ஊர்ப்பெயராக அன்றி ஒரு வசைச்சொல்லாகவே முதலில் அறிமுகமாகும். "இவனை அங்கொடைக்குத்தான் அனுப்ப வேணும்" என்று ஒருவர் சொன்னால் அதற்கு மேல் விளக்கம் எதுவும் வேண்டியதில்லை. தமிழகத்தவருக்குக் கீழ்ப்பாக்கம் எவ்வாறோ அவ்வாறே நமக்கு அங்கொடை. ஒரு வைத்தியசாலையின் பெயர் ஏளனச் சொல்லாக மாறிவிட்டால், அதன் வாசலை ஒருபோதும் மிதிக்கத் தேவையில்லாத நோயாளர்களும் வாய்மூடி இருக்கவே விரும்புவர். இக்கட்டுரை அத்தகையோரைப் பற்றியது.

மனநோய் என்றதும் நமது மனக்கண்ணில் தோன்றுபவர், தனக்குள்ளே பேசிச் சிரித்தபடி தெருவில் அலையும் ஒருவரே. உளப்பிளவு நோய் எனப்படும் அந்த நோய் நூற்றுக்கு ஒருவரைக்கூடப் பீடிப்பதில்லை. உண்மையில் பெருந்தொகையானோரைப் பீடிப்பவை மனச்சோர்வும் பதகளிப்புமே. 2019ஆம் ஆண்டுக்கான உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி பதகளிப்பு நோய்களால் ஏறத்தாழ 30 கோடிப் பேரும், மனச்சோர்வினால் 28 கோடிப் பேரும் பாதிக்கப்பட்டிருந்தனர். இவர்கள் தெருவில் அலைபவர்கள் அல்லர். வேலைக்குப் போகிறவர்கள், சமைக்கிறவர்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்புகிறவர்கள். யாழ்ப்பாணத்து மொழியில் இவர்கள் தமது நோயைச் சொல்லும் விதமே வேறு. "யோசினை கூடிப்போச்சு", "நெஞ்சு பதறுது", "உடம்பெல்லாம் உளையுது", "ஒண்டிலயும் மனம் போகுதில்லை" என்பார்கள். "எனக்கு மனநோய்" என்று எவரும் சொல்வதில்லை. விசர் என்ற சொல் அவ்வளவு பயங்கரமானது.

இலங்கையில் மனநோயாளருக்கெனத் தனியிடம் ஏற்படுவதற்கு முன்னர், ஆங்கிலேய ஆட்சியினர் அவர்களை ஹெந்தளையிலிருந்த தொழுநோயாளர் விடுதியிலே தங்கவைத்தனர். அது ஒல்லாந்தர் 1708ஆம் ஆண்டிற் கட்டியது. சமூகம் கண்ணெடுத்துப் பார்க்க விரும்பாத இரு சாராரையும் ஒரே மதிலுக்குள் வைப்பது அந்நாளைய நிர்வாகிகளுக்கு வசதியாயிருந்தது போலும். 1840களின் பிற்பகுதியில் பொரளையில் முதலாவது மனநோயாளர் காப்பகம் ஏற்பட்டது. அது நிரம்பியதும் 1880களிற் கறுவாத்தோட்டப் பகுதிக்கு மாறியது. அதுவும் நிரம்பி வழிந்து, நகரமும் வளர்ந்துவிடவே, 1920களில் அங்கொடைக்குப் போயிற்று. அங்கொடையும் போதாமல் 1950களின் இறுதியில் அயலிலுள்ள முல்லேரியாவில் இன்னொன்று எழுந்தது. கறுவாத்தோட்டம் பின்னாளிற் கொழும்பின் ஆகப் பெரிய செல்வந்தர்களின் முகவரியாக மாறியதை எண்ணினால், நோயாளரின் இடப்பெயர்வைத் தீர்மானித்தது மருத்துவமா, காணி விலையா என்று கேட்கத் தோன்றுகிறது.

இந்தக் காப்பகங்களுக்கு அடித்தளமாயிருந்தது 1873ஆம் ஆண்டின் சட்டம். ஒருவர் சித்தசுவாதீனம் உடையவரா அற்றவரா என்பதை மாவட்ட நீதிமன்றம் விசாரித்துத் தீர்மானிக்கும். வைத்தியர் சாட்சி சொல்வார், நீதிபதி கட்டளையிடுவார். நோய் என்பதிலும் பார்க்க ஒழுங்குமீறல் என்ற நோக்கே அச்சட்டத்தில் மேலோங்கியிருந்தது. அதிற் பின்னர் திருத்தங்கள் செய்யப்பட்டன, பெயரும் மாறியது, ஆனால் அத்திவாரம் மாறவில்லை. 2000ஆம் ஆண்டுக்குப் பின்னர் புதிய சட்டமொன்றுக்கான வரைவுகள் எழுதப்படுவதும் அவை கோவைகளுள் உறங்குவதுமாகவே காலம் கழிந்தது.

1930களின் பிற்பகுதியில் இலங்கை அரசு லண்டன் மோட்ஸ்லி வைத்தியசாலையின் தலைமை வைத்தியரான எட்வேர்ட் மேபோதரை வரவழைத்து அங்கொடையைப் பார்வையிடச் செய்தது. அவர் கண்ட நெரிசலும் அவலமும் அவரைக் கடுமையாக எழுத வைத்தன. மனநோய்ச் சிகிச்சை காப்பக மதிலுக்குள் மட்டும் அடைபட்டுக் கிடக்காமற் பொது வைத்தியசாலைகளுக்கு வரவேண்டும் என்பது அவரது நோக்கு. அது முழுமையாக நிறைவேற இந்நாட்டுக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் எடுத்தது.

சரி, பொரளையும் அங்கொடையும் மூர்க்கம் மிக்க நோயாளரால் நிரம்பி வழிந்த அக்காலத்தில், வடமராட்சியிலோ வலிகாமத்திலோ நித்திரையின்றித் தவித்த ஒரு பெண் எங்கே போனாள்? காப்பகப் பதிவேடுகளில் அவளைத் தேடிப் பயனில்லை. அவள் செல்வச்சந்நிதிக்குப் போனாள். மாதா கோயிலுக்குப் போனாள். தர்காவுக்குப் போனாள். நூல் கட்டினார்கள், திருநீறு போட்டார்கள், பார்வை பார்த்தார்கள், கழிப்புக் கழித்தார்கள். சித்த மருத்துவர் உன்மாதம், கிரிகை என்று நோயை வகைப்படுத்தி எண்ணெயும் கசாயமும் கொடுத்தார். இவற்றையெல்லாம் மூடநம்பிக்கை என்று ஒரேயடியாகத் தள்ளிவிடுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கோயில் வீதியிற் பத்து நாள் தங்கி, மடத்தில் உண்டு, தன் துன்பத்தைக் கேட்க நாலு பேரைப் பெற்ற பெண்ணுக்கு அது சிகிச்சையே. ஆனால் அந்த மரபின் மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. பேய் ஓட்டுவதாகச் சொல்லி வேப்பிலையால் அடித்தார்கள், பிரம்பாலும் அடித்தார்கள், மரத்தோடு சங்கிலியாற் கட்டினார்கள். தமிழகத்தின் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6ஆம் திகதி அதிகாலை ஒரு தனியார் மனநோயாளர் காப்பகக் கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியாற் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் ஓடவழியின்றி எரிந்து மாண்டனர். தர்காவின் அருளை நம்பி உறவினர் அழைத்து வந்தவர்கள் அவர்கள். குற்றம் தர்காவினுடையதன்று, நம்பி வந்தவர்களைக் காசாக்கிய காப்பகங்களினுடையது. அச்சங்கிலியை ஏற்றுக்கொண்டிருந்த நம் எல்லோருக்கும் அதிற் பங்குண்டு.

மேற்குலகிலும் நிலைமை நெடுங்காலம் சிறப்பாயிருக்கவில்லை. 1930களிற் புதிது புதிதாக வந்த சிகிச்சைகள் பெரும்பாலும் உடலை அதிர்ச்சிக்கு உள்ளாக்குபவையே. வியன்னாவின் சாக்கல் இன்சுலினால் நோயாளரை மயக்கநிலைக்குக் கொண்டுசென்றார். ரோமாபுரியில் செர்லெற்றியும் பினியும் 1938இல் மின்னதிர்ச்சியைக் கையாண்டனர். இவற்றுள் மின்சிகிச்சை மட்டுமே காலத்தைக் கடந்து நின்றது. மயக்கமருந்து கொடுத்துத் தசைகளைத் தளர்த்திச் செய்யப்படும் இன்றைய மின்சிகிச்சை, உணவையும் நீரையும் மறுத்துக் கிடக்கும் கடும் மனச்சோர்வுக்காரரை மீட்பதில் மருந்துகளையும் விஞ்சுவது. திரைப்படங்கள் அதற்குப் பூசிய கரியைத் துடைப்பது எளிதன்று.

மருந்துகள் வந்த கதை சுவையானது, ஏனெனில் அவற்றுள் அனேகமானவை வேறெதையோ தேடப்போய்க் கிடைத்தவை. 1950இல் பிரான்ஸில் உருவாக்கப்பட்ட குளோர்புரோமசின், சத்திரசிகிச்சையின் அதிர்ச்சியைக் குறைக்கும் முயற்சியிலே முதலிற் பயன்பட்டது. 1952இல் பாரிஸின் சென்ற் ஆன் வைத்தியசாலையில் டிலேயும் டெனிக்கரும் அதனை மனநோயாளருக்குக் கொடுத்தனர், விடுதிகளின் கூச்சல் அடங்கியது. அதே ஆண்டளவில் நியூயோர்க்கின் ஸ்ரேற்றன் தீவில் காசநோயாளருக்கு ஐப்பிரோனியசிட் என்ற மருந்து பரிசோதிக்கப்பட்டது. நோயாளர் நுரையீரல் குணமாவதற்கு முன்னரே உற்சாகம் மீறி விடுதியில் ஆடிப்பாடினர். சுவிற்சர்லாந்தில் ரோலண்ட் கூன் என்ற வைத்தியர், உளப்பிளவு நோய்க்கென்று ஒரு கம்பனி அனுப்பிய மருந்து அந்நோய்க்கு உதவாததையும், ஆனால் மனச்சோர்வுற்றிருந்தோர் எழுந்து நடமாடத் தொடங்கியதையும் கவனித்தார். 1957இல் சூரிச்சில் நடந்த மாநாட்டில் அவர் அதனை எடுத்துரைத்தபோது கேட்டவர்கள் ஒரு டசின் பேரளவிலேயே இருந்தனர் என்பர். அந்த மருந்துதான் இமிப்பிரமின். மனச்சோர்வுக்கென்றே அமைந்த மாத்திரைகளின் பரம்பரை அதிலிருந்தே தொடங்குகிறது.

இந்தக் கதையில் நமது துணைக்கண்டத்துக்கும் ஒரு பங்குண்டு. சர்ப்பகந்தி வேரைச் சித்தப்பிரமைக்கும் நித்திரையின்மைக்கும் நாட்டு வைத்தியர்கள் தலைமுறை தலைமுறையாகக் கொடுத்து வந்தனர். 1931இல் கல்கத்தாவின் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகிய இருவரும் அவ்வேர் பித்துக்கும் இரத்த அழுத்தத்துக்கும் உகந்ததென ஒரு கட்டுரையில் எழுதினர். மேற்குலகம் அதனைக் கவனிக்கவில்லை. 1949இல் பம்பாய் வைத்தியர் ருஸ்தம் வக்கீல் பிரித்தானிய இருதய மருத்துவ ஏடொன்றில் எழுதிய பின்னரே உலகம் திரும்பிப் பார்த்தது. 1952இல் சுவிஸ் நிறுவனமொன்று அவ்வேரிலிருந்து ரிசர்ப்பினைப் பிரித்தெடுத்தது. விந்தை என்னவென்றால், இரத்த அழுத்தத்துக்காக ரிசர்ப்பின் உண்டவர்களிற் சிலர் மனச்சோர்வுக்கு ஆளானதாக வைத்தியர்கள் எழுதினர். அந்த மருந்து மூளையில் சில இரசாயனங்களைக் குறைப்பது தெரிந்ததும், மனச்சோர்வு என்பதே அவற்றின் குறைவுதான் என்ற கருதுகோள் பிறந்தது. இன்று அக்கருதுகோள் அவ்வளவு எளிமையாக ஏற்கப்படுவதில்லை. ரிசர்ப்பின் உண்மையிலேயே சோர்வைத் தந்ததா என்பதிலேயே ஐயம் எழுந்துள்ளது. ஆயினும் நமது நாட்டு மருந்துச் சரக்கொன்று உலக உளமருத்துவத்தின் ஒரு தலைமுறைச் சிந்தனையை ஆட்டிவைத்தது என்பது வரலாறு.

1960களில் டயசிப்பாம் வந்தது. இதைப்பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நமது வீடுகளில் ஆகக் கூடுதலாகப் புழங்கியதும் ஆகக் கூடுதலான தீங்கைச் செய்ததும் இந்த வகை மாத்திரைகளே. "நித்திரைக் குளிசை" என்பதே அதன் செல்லப்பெயர். பதகளிப்பை அரைமணி நேரத்தில் அடக்கும், உறக்கம் தரும், ஆகவே வைத்தியருக்கும் நல்ல பெயர். ஆனால் சில வாரங்களுக்கு மேல் தொடர்ந்தால் உடல் அதற்கு அடிமையாகும். நிறுத்த முயன்றால் முன்னிருந்ததிலும் பார்க்க மோசமான பதகளிப்பு வரும். மனச்சோர்வு மாத்திரைகளோ நேர்மாறானவை. இரண்டு மூன்று வாரங்கள் செல்லாமற் குணம் தெரியாது, முதல் நாட்களில் வயிற்றுக் குமட்டல்கூட ஏற்படலாம். ஆகவே நம்மவர் பலர், உண்மையிற் குணம் தரக்கூடிய மருந்தை ஐந்தாம் நாள் "இது ஒத்துவரவில்லை" என்று எறிந்துவிட்டு, அடிமையாக்கும் மருந்தைப் பத்தாண்டுகள் விழுங்குகிறார்கள்.

இனி யுத்தத்துக்கு வருவோம். 1983க்குப் பின்னர் வடக்கு கிழக்கில் நிகழ்ந்தவற்றை இவ்விடத்தில் வரிசைப்படுத்த வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்திற்கான புகையிரதம் 1990இல் நின்றது. மீண்டும் அது யாழ்ப்பாணம் வந்தது 2014இல். இடைப்பட்ட காலத்தில் அங்கொடைகூட எட்டாத தொலைவாயிற்று. வடபகுதி முழுவதற்கும் விரல்விட்டு எண்ணத்தக்க உளமருத்துவர்களே இருந்தனர். அவர்களுள் முதன்மையானவர் பேராசிரியர் தயா சோமசுந்தரம். முறிந்த பனை நூலின் நான்கு ஆசிரியர்களுள் ஒருவராகவும் அவரை வாசகர்கள் அறிவர். போரின் நடுவே, யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டே, பொதுமக்களின் மனங்களில் என்ன நிகழ்கிறது என்று எண்ணிக்கையோடு எழுதியவர் அவர். அவரும் சிவயோகனும் 1994இல் பிரித்தானிய உளமருத்துவ ஏட்டில் வெளியிட்ட ஆய்வில், பரிசோதிக்கப்பட்டோரில் நூற்றுக்கு 41 பேரிடம் உடல்வலியாக வெளிப்படும் மனத்துயரும், 27 பேரிடம் நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோயும், 26 பேரிடம் பதகளிப்பும், 25 பேரிடம் பெரும் மனச்சோர்வும் காணப்பட்டன. 1998இல் வெளிவந்த அவரது ஆங்கில நூல் இவ்விடயத்தை உலகுக்குக் கொண்டு சென்றது.

அந்த 41 என்ற எண்ணைக் கவனியுங்கள். நமது மக்கள் துயரை மனத்தால் அன்றி உடம்பாற் பேசினார்கள். வெளிநோயாளர் பிரிவில் வரிசையில் நின்று தலையிடிக்கும் நெஞ்சுநோவுக்கும் மருந்து வாங்கிச் சென்றார்கள். இரத்தம் சோதித்தால் குறையொன்றும் இல்லை. "உமக்கு ஒரு வருத்தமும் இல்லை" என்று வைத்தியர் சொல்ல, அடுத்த கிழமை வேறொரு வைத்தியரிடம் போனார்கள்.

இங்கே சொற்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. மானிப்பாயில் அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே உடற்கூற்றையும் சத்திரசிகிச்சையையும் தமிழிற் கற்பித்து நூல்களும் ஆக்கினார். உடலுக்கு அன்றே நமக்குத் தமிழ்ச் சொற்கள் கிடைத்தன. மனத்துக்கோ அதன்பின் நூறாண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டியதாயிற்று. பதகளிப்பு, மனவடு, நெருக்கீடு, உளவளத்துணை, சீர்மியம் என்று இன்று ஈழத்தில் வழங்கும் சொற்கள் பலவும் போர்க்காலத்து யாழ்ப்பாணத்தில், பயிற்சி வகுப்புகளிலும் கைநூல்களிலும் புழங்கி நிலைபெற்றவை. சாந்திகம் போன்ற நிறுவனங்கள் ஆசிரியர்களையும் கிராம மட்ட ஊழியர்களையும் திரட்டிப் பயிற்றுவித்தன. பொருளாதாரத் தடையும் ஊரடங்கும் நிலவிய ஒரு குடாநாட்டில் கலைச்சொல்லாக்கம் நடந்தது என்பதை எண்ணும்போது எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

மருந்து தட்டுப்பாடான அக்காலத்தில் அவர்கள் வேறு வழியும் கண்டனர். மூச்சுப்பயிற்சி, சாந்தி ஆசனம், தியானம், செபம் ஆகியவற்றைச் சிறு உளநலக் குறைபாடுகளுக்குச் சிகிச்சையாக முறைப்படுத்தினர். இந்துக்களுக்கு ஓங்காரம், கத்தோலிக்கருக்கு இயேசுவின் நாமம், முஸ்லிம்களுக்கு சுபஹானல்லாஹ், பௌத்தர்களுக்குப் புத்தம் சரணம் என அவரவர் சமயத்தின் சொல்லையே அவரவர்க்கு மருந்தாக்கினர். இறந்தவருக்கு எட்டுச்செலவும் அந்தியேட்டியும் செய்வது துயரை ஆற்றுப்படுத்தும் என்பதையும் எடுத்துரைத்தனர். காணாமற்போனவரின் தாய்க்கு அந்த வழியும் அடைபட்டிருந்தது. உடலில்லாமல் எதை எரிப்பது, எந்த நாளைத் திதியாகக் கொள்வது? இத்தகைய துயருக்கு எந்தக் கம்பனியும் மாத்திரை செய்யவில்லை.

இவ்விடத்தில் ஒரு விவாதத்தையும் குறிப்பிட வேண்டும். இலங்கையின் புகழ்பெற்ற மானிடவியலாளர் கணநாத் ஒபயசேகர 1985இல் எழுதிய கட்டுரையில், மேற்குலக வைத்தியர் மனச்சோர்வு என்று பெயரிடும் நிலையை ஒரு பௌத்தர் வாழ்வின் நிலையாமையை உணர்ந்த தெளிவாகக் கொள்ளலாம் என்றார். சிந்திக்கத்தக்க கருத்துத்தான். சைவ மரபில் ஊறியவர்களுக்கும் அது அந்நியமன்று. ஆனால் நிலையாமையை உணர்ந்தவர் அமைதி அடைகிறார், மனச்சோர்வுற்றவர் அதிகாலை மூன்று மணிக்கு விழித்துத் தன்னையே பழித்துக்கொண்டு கிடக்கிறார். இரண்டையும் ஒன்றென்பது நோயாளிக்கு நீதி செய்வதாகாது என்பதே என் எண்ணம்.

பத்திரிகைகளும் இவ்வரலாற்றில் ஒரு பாத்திரம் வகித்தன. பழைய தமிழ் ஏடுகளைப் புரட்டினால், தற்கொலைச் செய்திகளில் "தீராத வயிற்றுவலி காரணமாக" என்ற தொடரைத் திரும்பத் திரும்பக் காணலாம். மரண விசாரணையிற் குடும்பத்தார் சொன்னது அது. பொலிஸார் எழுதினர், நிருபர் எழுதினார், அச்சில் ஏறிற்று. அந்த வயிற்றுவலிகளுள் எத்தனை மனச்சோர்வோ! உயிர்மாய்க்க முயன்று பிழைத்தவர் 1998 வரை இலங்கைச் சட்டத்திற் குற்றவாளி. அவ்வாண்டிலேயே அக்குற்றம் நீக்கப்பட்டது. 1995இல் இலங்கையின் தற்கொலை வீதம் இலட்சத்துக்கு 47 அளவில் உலகிலேயே மிக உயர்ந்த நிலைகளுள் ஒன்றாயிருந்தது. அவ்வாண்டு முதல் ஆகக் கொடிய பூச்சிகொல்லிகள் படிப்படியாகத் தடை செய்யப்பட, பத்தாண்டுகளில் அவ்வீதம் ஏறத்தாழ அரைவாசியாயிற்று. கணநேர வேதனையிற் கைக்கெட்டிய நஞ்சு இல்லையென்றால் மனிதர் பிழைத்துவிடுகிறார்கள். மனவைத்தியர் எவரையும் புதிதாக நியமிக்காமலே பல்லாயிரம் உயிர்களைக் காத்த இந்த நடவடிக்கை, இலங்கை பெருமைப்படத்தக்க மிகச் சிலவற்றுள் ஒன்று.

2004 டிசம்பரில் ஆழிப்பேரலை தாக்கிய பின்னரே அரசு விழித்தது எனலாம். 2005இல் தேசிய உளநலக் கொள்கை வகுக்கப்பட்டது. மாவட்டந்தோறும் உளநலப் பிரிவுகள், குறுகிய காலப் பயிற்சி பெற்ற உளநல மருத்துவ அலுவலர்கள் என மேபோதர் விரும்பியது நடைபெறத் தொடங்கியது. அங்கொடை வைத்தியசாலையும் தேசிய உளநல நிறுவனம் என்ற புதுப்பெயர் பெற்றது. போர் முடிந்த 2009இல் யாழ் மாவட்டத்தில் நடத்தப்பட்டு 2011இல் அமெரிக்க மருத்துவ ஏட்டில் வெளியான ஆய்வு, பதகளிப்பு அறிகுறிகள் 32.6 வீதம், மனச்சோர்வு 22.2 வீதம், மனவடு நோய் 7 வீதம் எனக் கண்டது. அப்போதும் இடம்பெயர்ந்த நிலையில் இருந்தோரிடையே பதகளிப்பு 48.5 வீதமாகவும் மனச்சோர்வு 41.8 வீதமாகவும் இருந்தன. வெளிநாட்டு நிதியும் செய்தியாளரும் அதிகம் பேசியது மனவடுவைப் பற்றி. மக்களை அதிகம் வாட்டியதோ முகாம் வாழ்வும் வருமானமின்மையும் கலந்த சாதாரண மனச்சோர்வும் பதகளிப்பும். வீடு கிடைத்தவர்களிடம் இவை குறைவாகக் காணப்பட்டன என்பதைக் கொள்கை வகுப்போர் கவனிக்க வேண்டும்.

சிகிச்சையைப் பொறுத்தவரை இன்றைய அறிவு பெரிதும் தெளிவானது. இலேசான மனச்சோர்வுக்கும் பதகளிப்புக்கும் பேச்சுச் சிகிச்சையே முதற்படி. அமெரிக்காவின் ஆரோன் பெக் 1960களில் உருவாக்கிய முறையில், நோயாளியை அழுத்தும் எண்ணங்களை அவரே பரிசோதிக்கப் பழக்குவார்கள். நடுத்தரமானதும் கடுமையானதும் எனில் மாத்திரையும் சேரும். குணமான பின்னரும் ஆறு மாதமளவில் அதனைத் தொடர வேண்டும். பேச்சுச் சிகிச்சைக்குப் பெரும் பட்டதாரிகள்தான் வேண்டுமென்பதில்லை என்பதும் நிறுவப்பட்டுவிட்டது. பாகிஸ்தானின் ராவல்பிண்டிக் கிராமங்களில் சுகாதாரப் பெண் ஊழியர்களும், சிம்பாப்வேயில் மரநிழல் வாங்கில் அமரும் பாட்டிமாரும் பயிற்சி பெற்று மனச்சோர்வைத் தணித்ததை 2008இலும் 2016இலும் வெளியான ஆய்வுகள் காட்டின. நமது குடும்ப நல உத்தியோகத்தர்கள் இதற்கு எவ்விதத்திலும் குறைந்தவர்கள் அல்லர். மறுபுறம், 2022இல் நாடு வங்குரோத்தாகி மருந்துத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, மாதாந்தச் சிகிச்சை நிலையத்தையே நம்பியிருந்த உளநோயாளரின் பாடு எவ்வாறிருந்திருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

கடல் கடந்தவர்களும் இந்த நோயைத் தம்மோடு எடுத்துச் சென்றனர். ரொறன்ரோவில் வாழும் நம்மவரிடையே 2000களின் தொடக்கத்தில் நடந்த ஆய்வில் மனவடு நோய் நூற்றுக்குப் பன்னிருவரிடம் காணப்பட்டது. அவர்களுள் வைத்திய உதவி நாடியோர் மிகச் சொற்பம். கனடாவில் அங்கொடை இல்லை. சிகிச்சை இலவசம், மொழிபெயர்ப்பாளரும் உண்டு. இருந்தும் "ஆக்களுக்குத் தெரிஞ்சால் பிள்ளையின்ர கலியாணம் குழம்பிப்போகும்" என்ற பேச்சு அங்கேயும் கேட்கிறது.